சிவப்புச் சீட்டில் என் எண்

வகுப்பு உள்ள நாட்களில் நாற்காலிகளை நானே போடுவேன். முப்பத்திரண்டு நாற்காலி, நாலு வரிசை. முழங்கால் முன் நாற்காலியில் இடிக்காத அளவுக்கு இடம் விடுவேன். முழங்கால் இடித்தால் மனிதனுக்குப் பாடம் ஏறாது என்பது என் அனுபவம். ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை மூன்றில் வைத்து, பலகையைத் துடைத்து, வருகைப் பதிவேட்டில் கோடு போட்டு, பேனாவைச் சணலில் கட்டித் தொங்கவிட்ட பிறகு வாசலில் போய் நிற்பேன். கட்டாமல் வைத்தால் மூன்றாவது கையெழுத்துக்குள் பேனா காணாமல் போய்விடும். சொந்தமாக விமானம் வைத்திருக்கிற ஆள்தான். ஆனாலும் எடுத்துப் போவார்.

நீங்கள் கேட்டது இது இல்லை என்று தெரியும், ஐயா. "மொதல்லேருந்து எழுதிக் குடுங்க" என்றீர்கள். எனக்கு முதல் என்பது அந்த நாற்காலிகள்தான்.

எங்களுடையது டிவியில் காட்டுகிற மாதிரி விமான நிலையம் அல்ல. ஒரே ஓடுபாதை, காற்று எந்தப் பக்கம் என்று காட்ட ஒரு துணிப்பை, மூன்று தகரக் கொட்டகை, ஒரு அலுவலகம், அதை ஒட்டி டீ போடும் அறை. டிக்கெட் கிடையாது, பெட்டியைச் சோதிக்கிற இயந்திரம் கிடையாது. இரண்டு பேர், நாலு பேர் உட்காரும் சின்ன விமானங்கள் நாற்பத்தொன்று நிற்கின்றன. பறக்கும் சங்கத்து உறுப்பினர்கள் காரில் வருவார்கள், விமானத்தை வெளியே தள்ளுவார்கள், ஒரு மணி நேரம் பறந்துவிட்டு வந்து டீ குடிப்பார்கள். சுற்றிலும் வேலி, வேலியில் ஒரு கதவு, கதவில் எண் பூட்டு. பூட்டின் எண்ணைப் பக்கத்துத் தூணிலேயே பென்சிலால் எழுதியிருப்பார்கள். நான் ரப்பர் வைத்து அழிப்பேன். மறுநாள் பேனாவால் எழுதியிருக்கும். எண்ணையே மாற்றிப் பார்த்தேன். அடுத்த வாரம் புது எண் பெயின்ட்டில் இருந்தது.

அங்கே ஒன்பது வருடமாக நான் பாதுகாப்பு அதிகாரி. அதிகாரி என்பதெல்லாம் கடிதத் தாளில்தான். கொட்டகையில் என் பெயர் பூட்டு. வைத்தவர் மெக்கானிக். "பூட்டு சார் வர்றாரு, எல்லாரும் வாயப் பூட்டுங்க" என்பார், நான் காதில் கேட்கிற தூரத்தில் இருக்கும்போதே.

வருடத்துக்கு இரண்டு வகுப்பு எடுப்பேன். பாடம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. தெரியாத முகம் உள்ளே நின்றால் போய் யார் என்று கேள். விமானத்தைப் பூட்டு, சாவியை இருக்கைக்கு அடியில் வைக்காதே. ஏறும் முன் ஒருமுறை சுற்றி வந்து பார், யாராவது கை வைத்த அடையாளம் இருக்கிறதா என்று. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அரை மணியில் புரியும். படித்தவர்களும் கம்பெனி முதலாளிகளும் ஒன்பது வருடம் கேட்டார்கள், எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி. கடைசி வரிசையில் கேப்டன் உட்காருவார். பெரிய விமானங்களை முப்பது வருடம் ஓட்டி ஓய்வு பெற்றவர், எங்கள் சங்கத்துத் தலைமைப் பயிற்சியாளர். பத்தாவது நிமிடம் தூங்கிவிடுவார். அவருடைய குறட்டை மற்றவர்களுக்கு ஒரு அனுமதி மாதிரி.

சின்ன மைதானங்களில் ஒரு வழக்கம் உண்டு. எதிரே யார் தென்பட்டாலும் கையசைப்பார்கள். தெரிந்தவரா, தெரியாதவரா என்பதெல்லாம் பார்ப்பதில்லை. உள்ளே நிற்கிறான் என்றால் நம்ம ஆள்தான் என்று ஒரு நம்பிக்கை. நானும் வந்த புதிதில் அதை நல்ல பழக்கம் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, அது வரவேற்பு இல்லை, 'உன்னை யார் என்று கேட்கப் போவதில்லை' என்று தரும் வாக்குறுதி.

நான்காவது வருடம் என் மச்சினனை வைத்து ஒரு சோதனை செய்தேன். மனைவியின் தம்பி, பள்ளியில் கணக்கு வாத்தியார், விமானத்தை அதற்கு முன் கிட்டே பார்த்ததில்லை. மஞ்சள் சட்டை ஒன்றை மாட்டிவிட்டு, கையில் ஒரு அட்டையும் பேனாவும் கொடுத்து உள்ளே அனுப்பினேன். யாராவது ஒருவர் யாரென்று கேட்டால் திரும்பி வந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. காலை ஒன்பதுக்குப் போனவர் மதியம் ஒன்றரைக்குத்தான் வந்தார்.

"மாமா, பதினேழு பேரு கை காட்டுனாங்க. மெக்கானிக் டீ வாங்கிக் குடுத்தாரு. ஒருத்தர் விமானத்தத் தள்ளணும், ஒரு கை புடிங்கன்னாரு, புடிச்சேன். இன்னொருத்தர் வர்றீங்களா, ஒரு ரவுண்டு போலாம்னாரு. பயத்துல வேண்டான்னுட்டேன். நல்ல மனுஷங்க மாமா. இவங்கள ஏன் இப்படித் திட்றீங்க?"

அதை அப்படியே அறிக்கையாக எழுதி மேலாளரிடம் கொடுத்தேன். மேலாளர் படிக்கும்போதே சிரித்தார். "ஒண்ணும் ஆகலையே சார். உங்க மச்சினன உறுப்பினராவே சேத்துருவோம்" என்றார். மாலைக்குள் கொட்டகை முழுக்க அந்தக் கதை ஓடியது. அவமானப்பட வேண்டியவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

"கேக்கலன்னா விடுங்களேன்" என்றாள் மனைவி. "ஊதற சங்க ஊதியாச்சு. விடியறப்ப விடியட்டும்."

"நாளைக்கு ஏதாச்சும் ஆனா என் தலைதான் உருளும்."

"நாலு வருஷமா ஒண்ணும் ஆகலையே. அது நல்லதுதானே?"

 ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் என்னைக் கொன்றது. டாக்டர் மருந்து கொடுத்தால் குணமானதைக் காட்டலாம். என் வேலை சரியாக நடந்தால் காட்டுவதற்கு ஒன்றுமே இருக்காது. என் வேலையே நடக்காவிட்டாலும் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. இரண்டுக்கும் வித்தியாசம் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரிந்தது.

சிவப்புச் சீட்டு அதற்குப் பிறகு வந்தது. என் சொந்த யோசனை. விரல் நீளத்தில் ஒட்டுகிற தாள். அன்றைய கடைசிப் பறப்பு முடிந்ததும் மெக்கானிக் தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, எஞ்சின் மூடியின் சின்னக் கதவுக்குக் குறுக்கே ஒட்ட வேண்டும். கதவைத் திறந்தால் சீட்டு கிழியும். மறுநாள் ஏறுகிறவர் முதலில் சீட்டைப் பார்க்க வேண்டும். கிழிந்திருந்தால் கையை வைக்காமல் எனக்குப் போன் செய்ய வேண்டும். என் எண்ணை எல்லாச் சீட்டிலும் அச்சடித்திருந்தேன். கிழிந்த சீட்டைத் தூக்கி எறியக் கூடாது. நேரத்தையும் யாரிடம் சொன்னோம் என்பதையும் அதன் பின்னால் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நான் சரி என்று சொல்லும் வரை ஏறக் கூடாது.

முதல் மாதம் ஒழுங்காக ஒட்டினார்கள். பிறகு மெக்கானிக் ஒரு சுருக்குவழி கண்டுபிடித்தார். திங்கட்கிழமை காலை டீ குடித்துக்கொண்டே அந்த வாரத்துச் சீட்டுச் சுருள் முழுவதிலும் முன்தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டு முடித்துவிடுவார். வெள்ளிக்கிழமை பத்திரமாக இருந்தது என்று திங்கட்கிழமையே சாட்சி சொல்கிற ஒரே ஆள் இந்த உலகத்தில் அவர்தான். உறுப்பினர்களோ பிஸ்கட் பாக்கெட் பிரிப்பது மாதிரி சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு ஏறினார்கள். யாரோ என் ஸ்கூட்டர் இருக்கையில் ஒன்றை ஒட்டிவைத்தார்கள். ஐந்து வருடத்தில் அந்த எண்ணுக்கு வந்தது ஒரே ஒரு அழைப்பு. யார் வீட்டு ஃபிரிட்ஜிலோ விளையாட்டுக்கு ஒட்டியிருக்கிறார்கள். அந்த வீட்டம்மா ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர் எண் என்று நினைத்து, ஐஸ் கட்டவில்லை, எப்போது வருவீர்கள் என்று கேட்டார்.

எல்லோரையும் ஒரே தட்டில் வைத்தால் பாவம். பல் டாக்டரைத் தனியாகச் சொல்ல வேண்டும். முப்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு வருடம் முன்பு பறக்கக் கற்றுக்கொள்ளச் சேர்ந்தவர், மூன்று மாதம் முன்புதான் தனியாக ஓட்ட உரிமம் வாங்கினார். என் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்தவர் அவர் ஒருவர்தான். நோட்டில் எழுதுவார். ஒருமுறை எழுந்து கேட்டார்.

"சார், சீட்டு ஓரத்துல கொஞ்சம்தான் கிழிஞ்சிருந்தா?"

"கொஞ்சம் கிழிஞ்சாலும் கிழிஞ்சதுதாம்மா."

"கிளினிக்ல நாங்களும் அப்படித்தான். உறை பிரிஞ்ச ஊசியத் தொடவே மாட்டோம்" என்று சொல்லி உட்கார்ந்து எழுதிக்கொண்டார். பின்னால் யாரோ, "பல்லப் புடுங்கறவங்க, பயந்துதான் இருக்கணும்" என்றார்கள். வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்தார். எனக்குத்தான் கோபம் வந்தது.

போன மாதம் மேலாளர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னாலே விஷயம் சரியில்லை என்று அர்த்தம். வகுப்புகளை நிறுத்தப் போகிறார்களாம். அதற்குப் பதிலாகப் பத்து நிமிட வீடியோ. வீட்டிலிருந்தே பார்த்துவிட்டுக் கட்டத்தில் ஒரு டிக் போட்டால் போதும். சீட்டும் வேண்டாம், பெயின்ட்டில் பசை ஒட்டுகிறதாம். திங்கட்கிழமை செயற்குழுவில் முடிவு செய்துவிடுவார்கள்.

"உங்க மேல குறையில்ல சார்" என்றார் மேலாளர். "இத்தன வருஷத்துல ஒரு சம்பவம்கூட இல்ல. அப்புறம் எதுக்கு எல்லாரையும் கஷ்டப்படுத்தணும்?"

ஒரு சம்பவம்கூட இல்லை. அந்த வார்த்தையை வீட்டுக்குக் கொண்டுபோனேன், அதோடு படுத்தேன், அதோடு எழுந்தேன். குழந்தை நெருப்பைத் தொடாதே என்றால் கேட்காது, சுட்டால்தான் கேட்கும் என்பார்கள். இவர்கள் யாரும் சூடு படாமலே வளர்ந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றே காலுக்கு இரண்டாவது கொட்டகைக்குப் போனேன். சங்கத்து நாலு இருக்கை விமானம் அன்று பறக்காமல் வெளியே நின்றது. அது கேப்டன் சனிக்கிழமை தோறும் காலையில் எடுக்கிற விமானம். சீட்டைக் கிழித்தேன். சின்னக் கதவைத் திறந்தேன். உள்ளே என்ன செய்தேன் என்பதை எழுதப் போவதில்லை. உங்கள் நிபுணர் கண்டுபிடித்து எழுதிவிட்டார், அது போதும். இந்த மாதிரி முறைகளைக் காகிதத்தில் எழுதி வைக்கக் கூடாது என்பதும் என் பாடத்தில் ஒன்று. பார்த்தவுடன் தெரியாது, மெக்கானிக் கைவிளக்கோடு குனிந்தால் தெரியும் என்று மட்டும் சொல்கிறேன். பதினொரு நிமிடம் ஆனது. பட்டப்பகல். அந்தப் பதினொரு நிமிடத்தில் மூன்று பேர் எனக்குக் கையசைத்தார்கள். நானும் அசைத்தேன்.

கிழிந்த சீட்டை மறைக்கவில்லை. பாதி ஒட்டியபடி, பாதி காற்றில் ஆடும்படி விட்டேன். பத்தடி தூரத்திலிருந்தே சிவப்பாகத் தெரியும். நான் நியாயமானவன் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும், ஐயா? பரீட்சை வைத்தேன், விடையையும் மேலேயே ஒட்டி வைத்தேன்.

என் திட்டம் இதுதான். சனிக்கிழமை ஏழரைக்குக் கேப்டன் வருவார், சீட்டைப் பார்க்காமல் ஏறுவார், எஞ்சினைப் போடுவார். நான் வேலி ஓரத்திலிருந்து நடந்துபோய்க் கையைக் காட்டி நிறுத்துவேன். எல்லோர் முன்னாலும் கிழிந்த சீட்டைத் தூக்கிப் பிடிப்பேன். இதை விசாரணையின் முதல் நாளே உங்களிடம் சொன்னேன், நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். அதற்குச் சீட்டை மட்டும் கிழித்தால் போதாதா, கதவை ஏன் திறந்தீர்கள் என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. வெறும் சீட்டு என்றால் சிரிப்பார்கள். மச்சினன் விஷயத்தில் சிரிக்கவில்லையா? உள்ளே உண்மையாகவே ஒன்று இருந்தால்தான் சிரிப்பு நிற்கும்.

அப்புறம் இன்னொரு கேள்வி கேட்டீர்கள், சனிக்கிழமை காலை வேலி ஓரத்தில் உங்களை யாரும் பார்க்கவில்லையே என்று. நான் அங்கே போகவில்லை. வீட்டில் இருந்தேன். வெள்ளி மாலையே யோசித்துவிட்டேன்: நானே நின்று நானே நிறுத்தினால், நானே செய்தேன் என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். அப்புறம் அது பாடமாக இருக்காது, என் பைத்தியக்காரத்தனமாக ஆகிவிடும். கேப்டன் முப்பது வருடம் ஓட்டியவர். எஞ்சின் நின்றாலும் ஓடுபாதையைத் தாண்டியுள்ள வெட்டவெளியில் இறக்கிவிடுவார் என்பது என் கணக்கு. கொஞ்சம் அடிபடலாம். பட்டால்தான் தெரியும்.

எட்டு இருபதுக்கு மெக்கானிக் போன் செய்தார். ஒன்பது வருடத்தில் அவர் என்னை அழைத்தது அதுதான் முதல் தடவை. அழுதுகொண்டிருந்தார்.

"சார், விழுந்துருச்சு சார். அந்த நாலு சீட்டு வண்டி. கேப்டனுக்குக் காய்ச்சலாம், பல் டாக்டர் எடுத்துட்டுப் போயிருக்காங்க. அவங்கம்மாவும் கூட. கொஞ்சம்கூட உயரம் போகல சார், மரத்துக்கு அந்தப் பக்கம்..."

"சீட்டு இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"என்னது?"

"சிவப்புச் சீட்டு. ஏறும்போது கிழிஞ்சிருந்துச்சா, யாராச்சும் பாத்தீங்களா?"

 "நாந்தான் சார் காரணம், சும்மா கையெழுத்துப் போட்டு வெச்சேன், பாக்கவே இல்ல" என்று சொல்லித் தேம்பினார். அவருக்கு ஆறுதல் சொன்னேன். இனிமேலாவது ஜாக்கிரதையாக இருங்கள் என்றேன். அவர் இன்றுவரை தன்னால்தான் என்று நம்பிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது முழுக்கத் தவறும் இல்லை.

பல் டாக்டர் அங்கேயே இறந்துவிட்டார். அவருடைய அம்மாவுக்கு இரண்டு காலும் இடுப்பும் நொறுங்கின. நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இறுதிச் சடங்குக்குப் போனேன். அந்தப் பெண்ணுக்காக வருத்தப்பட்டேன், அதை நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும். நல்ல மாணவி.

திங்கட்கிழமை செயற்குழு கூடியது. வீடியோவைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மேலாளர் என் பழைய அறிக்கைகளை மேஜைமேல் பரப்பி வைத்துக்கொண்டு, "இவர் எல்லாத்தையும் அப்பவே எழுதியிருக்காரு. நாமதான் கேக்கல" என்றார். குரல் உடைந்துவிட்டது. எல்லா உறுப்பினர்களும் உடனே வகுப்புக்கு வர வேண்டும் என்று முடிவானது.

அந்தப் புதன்கிழமை வகுப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், ஐயா. முப்பத்திரண்டு நாற்காலி போதவில்லை. டீ அறையிலிருந்து பெஞ்சு கொண்டுவந்து போட்டோம். சுவரோரம் நின்றார்கள். கேப்டன் காய்ச்சலோடு முதல் வரிசையில் உட்கார்ந்தார், கண்ணை மூடவில்லை. கையில் ஒரு சின்ன நோட்டு. இரண்டு மணி நேரம் பேசினேன். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஒரு இருமல் இல்லை. ஒன்பது வருடம் அடைத்துக்கொண்டிருந்த தொண்டை அன்றுதான் திறந்தது. பல் டாக்டரையே உதாரணமாகச் சொன்னேன். "இவ்வளவு கவனமான ஆளு. அவங்களே அன்னைக்கு ஒரு நாள் சீட்டப் பாக்காம ஏறிட்டாங்க. ஒரு நிமிஷம் நின்னு பாத்திருந்தா இன்னைக்கு நம்மகூட இருந்திருப்பாங்க" என்றேன். பல பேர் அழுதார்கள். சந்தோஷம் என்றுதான் அதைச் சொல்ல வேண்டும், வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சாப்பிட்டேன். மனைவி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

விபத்து நடந்த பத்தாம் நாள் டாக்டரின் அம்மாவுக்கு நினைவு திரும்பியது. தன் மகளின் கைப்பையைக் கேட்டு வாங்கி உங்களிடம் கொடுத்தார். அதில் மடித்து வைத்திருந்த சிவப்புச் சீட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு நேற்று என் முன்னால் வைத்தீர்கள். பின்பக்கம் நல்ல தெளிவான கையெழுத்து. டாக்டர் கையெழுத்து மாதிரியே இல்லை. '7.40. சாரிடம் சொல்லியாச்சு. சரி என்றார்.'

என் போனில் ஏழு நாற்பதுக்கு வந்த அழைப்பைப் பற்றி முதல் நாளே கேட்டீர்கள். அடுத்த வகுப்பு என்றைக்கு என்று கேட்டார், அவ்வளவுதான் என்றேன். அது பொய். இந்த வாக்குமூலத்தில் நான் திருத்த வேண்டியது அது ஒன்றுதான்.

ஷேவ் செய்துகொண்டிருந்தேன். போன் அடித்தது.

"சார், காலங்காத்தால தொந்தரவு பண்றேன். எஞ்சின் கதவு மேல சீட்டு கிழிஞ்சிருக்கு சார்."

"எந்த விமானம்மா?"

"கேப்டன் எடுக்கற நாலு சீட்டு. அவருக்கு முடியலயாம், அந்த நேரத்த எனக்குக் குடுத்துட்டாங்க. அம்மா கூட இருக்காங்க சார். மொத தடவையா ஏத்திட்டுப் போறேன். அதான் ஒண்ணுக்கு ரெண்டு தடவ சுத்தி வந்து பாத்தேன்."

 முகத்தில் சோப்பு காய்ந்துகொண்டிருந்தது. எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, கோபம். ஐந்து வருடம் அந்த எண்ணை அச்சடித்து ஒட்டினேன். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், கிழிந்த சீட்டைப் பார்த்துக் கூப்பிட மாட்டாரா என்று காத்திருந்தேன். கூப்பிடுகிற நாளாகப் பார்த்து இந்த நாளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

"மெக்கானிக் வந்துட்டாரு சார். தொறந்து ஒருவாட்டி பாக்கச் சொல்லவா?"

மெக்கானிக் குனிந்து பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார். யார் செய்தது என்று தேடுவார்கள், மூன்று பேர் எனக்குக் கையசைத்திருக்கிறார்கள். தேடாவிட்டாலும்தான் என்ன, திங்கட்கிழமை மேலாளர் சொல்வார்: பாருங்கள், சீட்டு கிழிந்தது, உறுப்பினரே கண்டுபிடித்தார், ஒன்றும் ஆகவில்லை. ஒரு சம்பவம்கூட இல்லை. இவ்வளவையும் யோசிக்க எனக்கு மூன்று வினாடி ஆனது. அதை அவசரத்தில் செய்த தப்பு என்று உங்கள் ஏட்டில் எழுத வேண்டாம்.

"வேண்டாம்மா. நேத்து நாந்தான் கிழிச்சேன். யாராச்சும் பாக்கறாங்களான்னு ஒரு சோதனை. நீங்க பாஸாயிட்டீங்க."

கவனித்துப் பாருங்கள், அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அவர் சிரித்தார். சந்தோஷமான சிரிப்பு. அம்மாவிடம் ஏதோ சொன்னது கேட்டது. பிறகு, "அப்ப ஏறலாமா சார்?" என்றார்.

"ஏறுங்க" என்றேன்.

மீதி முகத்தை ஷேவ் செய்து முடித்தேன்.

பத்திரிகையில் 'வேலியே பயிரை மேய்ந்தது' என்று போட்டிருக்கிறார்களாம். மச்சினன் சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல். நான் பயிரை மேயவில்லை. வேலி என்று ஒன்று இருப்பதைக் காட்டினேன். இப்போது எங்கள் மைதானத்தில் எல்லா விமானங்களும் பூட்டியிருக்கின்றன, தெரியாதவரை யார் என்று கேட்கிறார்கள். நேற்று உங்கள் ஆளையே கதவில் நிறுத்தி அடையாள அட்டை கேட்டார்களாமே. மற்ற எவருக்கும் என்னால் தீங்கு வந்ததாக நான் நினைக்கவில்லை. அந்தப் பெண் விஷயத்தில் மட்டும் ஒன்றைத் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். வகுப்பில் நான் சொன்னது தவறு, அவர் சீட்டைப் பார்க்காமல் ஏறவில்லை. அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஒன்பது வருடத்தில் நான் சொன்னதைச் சொன்னபடி கேட்டவர் அவர் ஒருவர்தான்.